சின்னத் தொகை, தெரியாத பெயர்

வங்கிக் கணக்கு அறிக்கையை வரி வரியாகப் படிப்பவர்கள் குறைவு. படிப்பவர்களும் பெரிய தொகைகளில்தான் கண்ணை நிறுத்துவார்கள். சம்பளம், வாடகை, கடன் தவணை. நடுவில் ஒரு சின்னத் தொகை, கேள்விப்படாத பெயர் ஒன்றுக்கு எதிரே நிற்கும். 'எதையோ வாங்கியிருப்போம்' என்று மனம் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த மாதமும் அதே தேதியை ஒட்டி அதே தொகை. அதற்கடுத்த மாதமும்.

உறவினர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய அறிக்கையை உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு வரியைக் கண்டுபிடித்துக் காட்டும்போது அவர்கள் முகத்தில் கோபம் வரும் என்றுதான் முதலில் எதிர்பார்த்தேன். வருவது வெட்கம். "நான்தான் எங்கேயோ எதையோ அமுக்கிட்டேன் போல" என்பார்கள். வயதானவர்களுக்கு இது இன்னும் அதிகம். பெரியப்பா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசங்ககிட்ட சொல்லிடாதேப்பா, அப்புறம் போனையே தொட விடமாட்டாங்க" என்றார். பறிபோன பணத்தைவிட, வீட்டில் தன் மேலுள்ள நம்பிக்கை போய்விடுமோ என்பதுதான் அவருடைய கவலை.

இந்த வெட்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். கேட்காமல் பணம் பிடிக்கும் உறுப்பினர் திட்டங்கள் இத்தனை ஆண்டுகளாக ஓடுவதே இதை நம்பித்தான். பணத்தை இழந்தவர் தன்னையே திட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், எடுத்தவனை யார் கேட்பது? இதில் பெரும்பாலானவை யாருடைய கவனக்குறைவாலும் நேர்ந்தவை இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டிய வழிகள். அதற்கு ஆவணங்கள் இருக்கின்றன, நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன.

அமெரிக்க செனட்டின் வணிகக் குழு 2009 நவம்பரில் ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டது. இணையத்தில் யாரும் அறிந்த கடைகளில் மக்கள் ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். பணம் கட்டி முடித்ததும் 'உங்கள் அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடி' என்று ஒரு பக்கம் வருகிறது. அதில் மின்னஞ்சல் முகவரியைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வேறொரு நிறுவனத்தின் உறுப்பினர் சங்கத்தில் சேர்ந்தாகிவிட்டது. அட்டை எண்ணை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, முதல் கடையே அதைப் பின்பக்கமாகக் கைமாற்றிவிட்டது. மளிகைக் கடைக்காரர், நீங்கள் கொடுத்த பணப்பையைத் திருப்பித் தருவதற்கு முன் பக்கத்துக் கடைக்காரரிடம் நீட்டுவது போன்ற காரியம். அட்டை எண்ணைக் கொடுக்காத வரை பணம் போகாது என்று நம்பியவர்களை இப்படித்தான் பிடித்தார்கள்.

அஃபினியன், வெர்ட்ரூ, வெப்லாயல்டி என்று மூன்று நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. இந்த முறையில் மக்களிடமிருந்து 140 கோடி டாலருக்கு மேல் எடுக்கப்பட்டது என்று அந்த அறிக்கை சொல்கிறது. அதில் பாதிக்கு மேல், சுமார் 79 கோடி டாலர், வாடிக்கையாளரைக் கைமாற்றிவிட்ட கடைகளுக்குப் பங்காகப் போயிருக்கிறது. அப்படிப் பங்காளிகளாக இருந்த இணையக் கடைகள் 450-க்கும் மேல். எங்கோ மூலையில் இருக்கும் மோசடிக்காரர்கள் இல்லை இவர்கள். மக்கள் பெயர் தெரிந்து, நம்பிப் போன கடைகள்.

இந்த விசாரணையின் விளைவாக 2010 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. வாங்கிய அட்டை எண்ணை மூன்றாம் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. தானாகத் தொடரும் கட்டணம் என்றால் விவரத்தை முன்னாலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும், வெளிப்படையான ஒப்புதல் வாங்க வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி கொடுக்க வேண்டும். சட்டம் வந்ததும் கைமாற்றும் வேலை குறைந்தது. ஆனால் வழி வேறு பக்கம் திரும்பியது. சேர்ப்பதில் செய்த தந்திரத்தை வெளியேறுவதில் செய்ய ஆரம்பித்தார்கள்.

இதற்கு இன்று எல்லோரும் சுட்டும் வழக்கு அமேசான் பிரைம் பற்றியது. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் தொடுத்தது. பிரைமை ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்கிறது புகார் மனு. ட்ரோஜான் போரைப் பற்றிய அந்த நெடுங்காவியத்தின் பெயர்தான். நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தேர்வுகள் என்று அந்த வழியை மனு எண்ணிக் காட்டியது. சேர்வதற்கு ஓரிரண்டு சொடுக்குகள் போதும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதில் 100 கோடி டாலர் அபராதம், மீதி 150 கோடி டாலர், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. திரும்பப் பெறத் தகுதியானவர்கள் சுமார் 3.5 கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள்.

3.5 கோடிப் பேரும் அசட்டையாக இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? அந்த வழியில் போய் மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் தன்னந்தனியாகத் திரைக்கு முன் உட்கார்ந்து 'எனக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை' என்று நினைத்திருப்பார்கள். பெரியப்பாவைப் போல.

அதற்கு முன்பே, 2022 நவம்பரில், வோனேஜ் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம் இதே கமிஷனிடம் 10 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சேர இணையம், விலக மட்டும் தொலைபேசி என்பது அங்கே நடந்த கதை. போனில் ஆளைப் பிடிப்பதே பாடு, பிடித்தாலும் வேறு திட்டத்துக்கு மாறச் சொல்லி வற்புறுத்துவார்கள்.

ஒரு பொருளாதார ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. லிரான் ஐனாவ், பென் க்ளோபாக், நீல் மஹோனி என்ற மூன்று பேர், பிரபலமான சந்தாச் சேவைகள் சிலவற்றின் அட்டைப் பரிவர்த்தனைகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருடைய அட்டை காலாவதியாகியோ தொலைந்தோ புது அட்டை வரும் மாதம் இருக்கிறதே, அந்த மாதத்தில் சந்தாவிலிருந்து விலகுவோரின் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது. புது எண்ணைத் தட்ட வேண்டிய நேரத்தில்தான் 'இது நமக்கு வேண்டுமா' என்ற கேள்வியே எழுகிறது. அதுவரை வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இப்படிக் கவனிக்காமல் விடுவதால் நிறுவனங்களின் வருமானம், சேவைக்குத் தக்கபடி, 14 சதவீதத்திலிருந்து 200 சதவீதத்துக்கும் மேல்வரை கூடுகிறது என்பது அவர்களுடைய கணிப்பு. 2022-இல் அமெரிக்காவில் எடுத்த இன்னொரு கருத்தாய்வில், மாதச் சந்தாக்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டதற்கு மக்கள் சராசரியாக 86 டாலர் என்றார்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது 219 டாலர்.

புது அட்டை வந்தால் மறுபரிசீலனை நடக்கிறது. அதனால் நிறுவனங்களுக்கு நஷ்டம். அட்டைப் பரிவர்த்தனைகளை நடத்தும் வலையமைப்புகள் இதற்கும் ஒரு சேவையை வைத்திருக்கின்றன. உங்களுக்குப் புது எண் வந்ததும், வங்கி வழியாக அது பழைய வியாபாரியிடம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிடமும் இது உண்டு. மின்கட்டணம், காப்பீடு போன்றவை அறுந்துவிடாமல் இருக்க உண்மையிலேயே உதவும் வசதி. ஆனால் 'அட்டையை மாத்திட்டேன், இனி எடுக்க முடியாது' என்று நிம்மதியாக இருப்பவருக்கு அடுத்த மாதமும் அதே வரி வந்து நிற்பதற்குக் காரணமும் இதுதான். வங்கி ஊழியர்களில் பலர் இதை வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை. அட்டையை முடக்குங்கள் என்ற ஒரே மருந்தைத்தான் எல்லா நோய்க்கும் கொடுக்கிறார்கள்.

ஓடிபி வராமல் எப்படிப் பணம் போனது என்று கேட்பவர்களும் உண்டு. பல நாடுகளில் முதல் தடவை மட்டும் நீங்கள் உறுதி செய்தால் போதும். அதன் பிறகு வருபவை வியாபாரியே தொடங்கும் பரிவர்த்தனைகள் என்ற கணக்கில் போகும், உங்களிடம் மறுபடி எதுவும் கேட்கப்படாது. இலவசக் காலம் என்று சொல்லி அட்டை எண்ணை வாங்குவதன் முழு நோக்கமும் அந்த முதல் உறுதிப்பாட்டைப் பெற்றுக்கொள்வதுதான்.

பெயர் புரியாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. அட்டைப் பரிவர்த்தனைச் செய்தியில் வியாபாரியின் பெயருக்கு ஏறக்குறைய 25 எழுத்துகளுக்குத்தான் இடம். அதில் விளம்பரத்தில் நீங்கள் பார்த்த பெயர் வராமல், பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் வரலாம். இடையில் பணம் வாங்கித் தரும் இன்னொரு நிறுவனத்தின் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். நேர்மையான கடைகளுக்கும் இது நேரும். ஆனால் யாரும் கண்டுகொள்ளாத, பொதுப்படையான ஒரு பெயரைத் தேடி வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் குறுகிய இடம் நல்ல மறைப்பு. விசா 2020 ஏப்ரலில் கொண்டுவந்த விதியில், இலவசக் காலம் முடிந்து எடுக்கும் முதல் தொகைக்குப் பக்கத்தில் அது அப்படிப்பட்டது என்ற குறிப்பு இருக்க வேண்டும், முடிவதற்கு 7 நாட்களுக்கு முன்பே நினைவூட்டல் அனுப்ப வேண்டும், இணையத்திலேயே ரத்து செய்ய வழி வேண்டும் என்று சேர்த்தார்கள். நினைவூட்டல் விளம்பர மின்னஞ்சல்களின் குவியலில் போய் விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அந்த விதி இருப்பது நல்லது, சண்டை போடும்போது கையில் பிடித்துக்கொள்ள உதவும்.

சரி, அப்படி ஒரு வரியைப் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?

முதலில் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். தெரிந்தே சேர்ந்து மறந்துபோனது ஒன்று. இலவசம் என்று நுழைந்து கட்டணமாக மாறியது இன்னொன்று. எப்போதுமே சம்மதிக்காதது மூன்றாவது. இந்த மூன்றாவதில்தான் அவசரம் வேண்டும். திருடிய அட்டை எண் வேலை செய்கிறதா என்று பார்க்க மிகச் சின்னத் தொகையை எடுத்துப் பார்ப்பது திருடர்களின் வழக்கம், பெரியது பின்னால் வரும். ஆகவே அந்தப் பெயரோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று தெரிந்தால் அன்றே அட்டையை முடக்கி, 'அனுமதியில்லாத பரிவர்த்தனை' என்று வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். இங்கே அட்டையை மாற்றுவது சரியான மருந்து.

முதல் இரண்டுக்கும் அது போதாது. அறிக்கையில் இருக்கும் பெயரை அப்படியே இணையத்தில் தேடினால் பெரும்பாலும் எந்தச் சேவை என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை. தேடலில் மேலே வரும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் போலிகள் கலந்திருக்கும். பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு செயலியை இறக்குங்கள் என்று சொல்லி மிச்சத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அந்தச் சேவையின் சொந்தத் தளத்துக்குள் போய் மட்டுமே எண்ணையோ முகவரியையோ எடுக்க வேண்டும். அப்புறம், சேர்ந்தது கைபேசியின் செயலிக் கடை வழியாக என்றால் அங்கே உள்ள சந்தாப் பட்டியலில்தான் ரத்து செய்ய வேண்டும். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நிற்காது.

ரத்து செய்ததற்கான உறுதிச் செய்தியைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பது அவசியம். நிறுவனம் கேட்கவில்லை என்றால் அடுத்து வங்கி. அங்கே என்ன சொல்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 'இது என்னன்னே தெரியலை, பணம் போச்சு' என்று ஆரம்பித்தால், மறுமுனையில் இருப்பவர் அட்டையை முடக்கிவிட்டு அழைப்பை முடித்துவிடுவார். 'இந்த நிறுவனத்துக்குக் கொடுத்த தொடர் அனுமதியை நான் திரும்பப் பெற்றுவிட்டேன். இன்ன தேதியில் ரத்து செய்தேன், ஆதாரம் இருக்கிறது. அதன் பிறகு எடுத்த தொகைகளை எதிர்த்துப் புகார் பதிவு செய்ய விரும்புகிறேன்' என்று சொன்னால் அது வேறு படிவத்துக்குப் போகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் போனை வைக்கக் கூடாது. வியாபாரியிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று வங்கி தட்டிக்கழித்தால், பேசியதற்கான ஆதாரத்தை அப்போதே அனுப்பலாம்.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கடன் அட்டைப் பில்லில் தவறு என்றால் பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பாவில் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கும் செபா முறையில், காரணமே சொல்லாமல் 8 வாரங்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அனுமதியே கொடுக்காதது என்றால் 13 மாதம் வரை அவகாசம் உண்டு. பிரிட்டனில், அட்டையின் மேல் கொடுத்த தொடர் அனுமதியை வியாபாரியிடம் போகாமல் நேரே வங்கியிடமே ரத்து செய்யும் உரிமை இருக்கிறது. அதன் பிறகும் பணம் போனால் வங்கிதான் பொறுப்பு. வங்கி ஊழியருக்கே இது தெரியாமல் போவதுண்டு, நாம் தெரிந்துவைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சட்டங்களில் எனக்குப் பிடித்தது ஜெர்மனியினுடையது. 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்கும் எவரும் தங்கள் தளத்தில் கண்ணில் படும் இடத்தில் ரத்துப் பொத்தான் வைக்க வேண்டும். உள்நுழையாமலே அதை எட்ட முடிய வேண்டும். பொத்தான் இல்லையென்றால் வாடிக்கையாளர் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். தண்டனையை இப்படி வைத்ததுதான் இதன் சிறப்பு. வழியை ஒளித்துவைப்பவனுக்கு, ஒளித்துவைத்ததாலேயே ஒப்பந்தம் கையை விட்டுப் போகிறது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதிப்படி, தொடர் கட்டணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி செய்தி அனுப்ப வேண்டும், வேண்டாம் என்றால் தடுக்க வழி கொடுக்க வேண்டும். அமலான புதிதில் பல சந்தாக்கள் தடைப்பட்டன, நிறையப் பேர் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அந்த எரிச்சல் ஏற்கத்தக்க விலையாகவே படுகிறது. பணம் போவதற்கு முன் ஒரு தடவை சொல்லிவிட்டு எடுப்பது அடிப்படை மரியாதை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் சந்தாப் பொறியும் ஒன்று.

அமெரிக்காவில், சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விதி இறுதியானது. 2025 ஜூலையில், அது முழுமையாக அமலுக்கு வரச் சில நாட்கள் இருக்கும்போது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அதைக் கொண்டுவந்த நடைமுறையில் ஒரு படி விடுபட்டுவிட்டது என்றது. அந்தச் செய்தியைப் படித்த அன்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கேட்கப்பட்டது அத்தனை சின்ன விஷயம்.

வங்கிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. யார் யாருக்கு என் கணக்கிலிருந்து தொடர்ந்து எடுக்க அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது, அல்லது அவர்களால் எளிதில் தொகுக்க முடியும். சில வங்கிச் செயலிகள் அதை ஏற்கெனவே காட்டுகின்றன, ஆனால் செயலியின் செட்டிங்ஸ் பகுதிக்குள் நாலைந்து படி இறங்கிப் போனால்தான் தென்படும். அதை முதல் திரையில் வைக்க வேண்டும். பக்கத்தில் 'நிறுத்து' என்ற பொத்தான் வேண்டும், ஊரும் உலகமும் அறிந்த பெயர் வேண்டும், இதுவரை மொத்தம் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்ற கூட்டுத்தொகையும் வேண்டும். மாதம் ஒரு சின்னத் தொகையாகப் பார்க்கும்போது சுரணை வராதவருக்கும் அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தால் வரும்.

பணம் திரும்பக் கிடைத்துவிட்டால் பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இன்னும் ஒன்று செய்யலாம். உங்கள் நாட்டின் நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு புகாரையும் அனுப்பிவையுங்கள். தொகை எத்தனை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நிறுவனத்தின் பெயர், அறிக்கையில் வந்த பெயர், தேதிகள், ரத்து செய்ய முயன்றபோது வந்த திரைகளின் படங்கள், இவை போதும். 2009-இன் செனட் விசாரணைக்கு முன்னாலும் இப்படித்தான் நுகர்வோர் புகார்கள் குவிந்திருந்தன.